விவாகரத்துக்குப் பின்னும் இருவர் பெயரில் தொடரும் விடுமுறைத் திட்டம்

சட்டம்: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: 2015ஆம் ஆண்டு கோவையில் ஒரு வணிக வளாகத்தில் பரிசுக் கூப்பன் கொடுத்து அழைத்தார்கள். அன்றைக்கே நானும் என் கணவரும் ஆண்டுதோறும் சில நாள்கள் ரிசார்ட்டில் தங்கும் உரிமை தரும் 25 ஆண்டு விடுமுறை உறுப்பினர் திட்டம் (டைம்ஷேர்) ஒன்றில் இருவர் பெயரிலும் சேர்ந்தோம். தவணைகள் எல்லாம் கட்டி முடித்துவிட்டோம். 2021 இறுதியில் பரஸ்பர சம்மதத்தின்பேரில் எங்களுக்கு விவாகரத்து ஆகிவிட்டது. தீர்ப்புடன் இணைந்த உடன்படிக்கையில் “விடுமுறைத் திட்டம் கணவருக்கு உரியது” என்று ஒரு வரி இருக்கிறது. அவர் 2022 முதல் ஆண்டுப் பராமரிப்புக் கட்டணத்தைக் கட்டவில்லை. இப்போது வட்டியுடன் 96,000 ரூபாய் கேட்டு நிறுவனம் எனக்கு அறிவிப்பு அனுப்பியிருக்கிறது. தினமும் தொலைபேசியில் அழைக்கிறார்கள். தீர்ப்பின் நகலை அனுப்பினேன். இருவரும் கையெழுத்திட்டால்தான் பெயரை நீக்க முடியும் என்கிறார்கள். அவர் பெங்களூருவில் இருக்கிறார், என் அழைப்புகளை ஏற்பதில்லை. என் சிபில் மதிப்பெண் கெடுமோ, காவல் நிலையம் வரை போவார்களோ என்று பயமாக இருக்கிறது. நான் என்ன செய்ய வேண்டும்?

– வாசகி, கோயம்புத்தூர்

பதில்: முதலில் உங்கள் பயத்திற்குப் பதில் சொல்லிவிடுகிறேன். பராமரிப்புக் கட்டண பாக்கி என்பது ஓர் ஒப்பந்தத்தின் கீழ் வரும் உரிமையியல் கடன். அதைக் கட்டாததற்காக உங்களை யாரும் கைது செய்ய முடியாது. தொலைபேசியில் அப்படி யாராவது மிரட்டினால், பேசியவர் பெயரையும் தேதியையும் நேரத்தையும் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் அதுவே உங்களுக்குச் சான்றாகும். சிபில் பதிவேட்டுக்குத் தகவல் அனுப்புகிறவர்கள் வங்கிகளும் நிதி நிறுவனங்களும்தான். உங்கள் தவணைக் கடனை ஏதேனும் வங்கி கொடுத்திருந்தால், அந்தக் கடன் முடிந்ததற்கான சான்றிதழ் கையில் இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். இல்லையென்றால் இப்போதே கேட்டு வாங்குங்கள்.

அடுத்தது கசப்பான செய்தி. விவாகரத்துத் தீர்ப்பு உங்களையும் உங்கள் முன்னாள் கணவரையும் மட்டுமே கட்டுப்படுத்தும். அந்த வழக்கில் தரப்பினராக இல்லாத நிறுவனத்தை அது கட்டுப்படுத்தாது. இந்திய ஒப்பந்தச் சட்டம், 1872இன் 43ஆம் பிரிவின்படி, இருவர் சேர்ந்து ஒரு வாக்குறுதியைக் கொடுத்திருந்தால், ஒப்பந்தத்தில் வேறு விதமாகச் சொல்லப்படாத வரையில், அதைப் பெற்றவர் அந்த இருவரில் எவரிடமிருந்தும் முழுத் தொகையையும் கேட்கலாம். ஆகவே “திட்டம் அவருக்குப் போய்விட்டது, அவரிடம் கேளுங்கள்” என்ற பதில் நியாயமானதாக இருந்தாலும், நிறுவனம் அதை ஏற்றே தீரவேண்டும் என்ற சட்டக் கட்டாயம் இல்லை. வழக்கறிஞர்கள் பலரும் சம்மத விவாகரத்து மனுவை எழுதும்போது வீடு, நகை, ஜீவனாம்சம், குழந்தை ஆகியவற்றிற்குப் பக்கம் பக்கமாக எழுதிவிட்டு, இது போன்ற திட்டங்களை ஒரே வரியில் கடந்துவிடுகிறார்கள். அந்த ஒரு வரியின் விலையைத்தான் நீங்கள் இப்போது கொடுத்துக்கொண்டிருக்கிறீர்கள் என்பது எனக்கு உண்மையிலேயே வருத்தம் தருகிறது.

அதே 43ஆம் பிரிவு உங்களுக்கு ஓர் உரிமையையும் தருகிறது. கூட்டாக வாக்களித்தவர்களில் ஒருவர் முழுத் தொகையையும் கட்ட நேர்ந்தால், மற்றவரிடமிருந்து அவருடைய பங்கைத் திரும்பப் பெறலாம். வேறு ஏற்பாடு இல்லாதபோது அது சமபங்கு. உங்கள் விஷயத்தில் திட்டம் முழுவதும் அவருக்கு உரியது என்று தீர்ப்பே சொல்வதால், தீர்ப்புத் தேதிக்குப் பிந்தைய கட்டணம் முழுவதையும் அவரே ஏற்க வேண்டும் என்று கேட்பதற்கு வலுவான அடிப்படை இருக்கிறது.

இனி, பணம் கட்டுவதைப் பற்றி யோசிப்பதற்கு முன்பாக ஒப்பந்தத்தைப் படியுங்கள். அது கையில் இல்லையென்றால் நிறுவனத்திடம் எழுதிக் கேளுங்கள். கட்டணத்திற்குப் பொறுப்பு முதன்மை உறுப்பினருடையதா, இருவருடையதா என்பதை முதலில் பாருங்கள். கட்டணம் கட்டாவிட்டால் என்ன ஆகும் என்ற பகுதி அதைவிட முக்கியம். பாக்கி தீரும் வரை அறை முன்பதிவு கிடையாது, குறிப்பிட்ட காலம் கடந்தால் உறுப்பினர் தகுதியை நிறுவனம் ரத்து செய்யலாம் என்று பல ஒப்பந்தங்களில் இருக்கிறது. அப்படிப்பட்ட விதி இருந்தும் நான்கு ஆண்டுகளாக ரத்து செய்யாமல் ஆண்டுதோறும் கட்டணத்தையும் வட்டியையும் ஏற்றிக்கொண்டே வந்திருந்தால், அந்தச் செயலின் நியாயத்தை நுகர்வோர் ஆணையத்தின் முன் நீங்கள் கேள்வி கேட்கலாம். கூடவே, எந்த ஆண்டுக்கு எவ்வளவு கட்டணம், எவ்வளவு ஜிஎஸ்டி, எவ்வளவு வட்டி, அந்த வட்டி ஒப்பந்தத்தின் எந்த விதியின் கீழ் என்று ஆண்டு வாரியாகக் கணக்கு கேளுங்கள். மொத்தமாக ஒரு தொகையைச் சொல்லும் அறிவிப்புக்குப் பணம் கட்ட வேண்டாம்.

தொலைபேசியில் “இப்போதைக்கு ஐயாயிரம் கட்டுங்கள், மீதியைப் பேசிக்கொள்ளலாம்” என்று சொல்வார்கள். அதை ஏற்காதீர்கள். காலவரையறைச் சட்டம், 1963இன்படி ஒப்பந்தத் தொகைக்கு வழக்குத் தொடுக்கும் காலம் பொதுவாக மூன்று ஆண்டுகள். ஒவ்வோர் ஆண்டுக் கட்டணத்திற்கும் அது செலுத்த வேண்டிய தேதியிலிருந்து தனித்தனியே அந்தக் காலம் ஓடும். 2022ஆம் ஆண்டுக் கட்டணத்திற்கு அந்தக் காலம் கடந்திருக்கிறதா என்பதை உங்கள் ஒப்பந்தத் தேதியை வைத்துப் பார்க்க வேண்டும். காலம் முடிவதற்குள் கடனை நீங்கள் கையெழுத்திட்டு ஒப்புக்கொண்டாலோ, ஒரு பகுதியைக் கட்டினாலோ அந்த மூன்று ஆண்டுகள் புதிதாகத் தொடங்கிவிடும். மின்னஞ்சலில் “கட்டிவிடுகிறேன், அவகாசம் கொடுங்கள்” என்று எழுதுவதையும் தவிர்த்துவிடுங்கள். உங்கள் முன்னாள் கணவர் தனியாகக் கடனை ஒப்புக்கொண்டாலோ பணம் கட்டினாலோ, அதை மட்டும் வைத்து உங்களுக்கு எதிரான காலத்தை நீட்டிக்க முடியாது என்று அதே சட்டத்தின் 20ஆம் பிரிவு சொல்கிறது.

நிறுவனத்திற்கு ஒரு கடிதம் எழுதுங்கள். தீர்ப்பின் சான்றிட்ட நகலை இணைத்து, தீர்ப்புத் தேதி முதல் நீங்கள் திட்டத்தைப் பயன்படுத்தவில்லை, இனியும் பயன்படுத்தப் போவதில்லை, உங்கள் பெயரில் எந்த முன்பதிவையும் ஏற்கக் கூடாது, உங்கள் பெயரை நீக்க வேண்டும் அல்லது திட்டத்தையே ரத்து செய்ய வேண்டும், இனி எழுத்து மூலமாக மட்டுமே தொடர்புகொள்ள வேண்டும் என்று குறிப்பிடுங்கள். அதை ஒப்புகையுடன் கூடிய விரைவுத் தபாலிலும் மின்னஞ்சலிலும் அனுப்புங்கள். பாக்கியை ஒப்புக்கொள்ளும் சொல் எதுவும் அதில் வந்துவிடக் கூடாது. என் கருத்தில் உங்களுக்குக் கிடைக்கக்கூடிய நல்ல முடிவு, பாக்கியைத் தள்ளிவிட்டு உறுப்பினர் தகுதியை நிறுவனம் ரத்து செய்வதுதான். யாரும் பயன்படுத்தாத, யாரும் பணம் கட்டாத ஓர் உறுப்பினர் பதிவால் நிறுவனத்திற்கும் லாபம் இல்லை. அதைத் திரும்பப் பெற்று வேறொருவருக்கு விற்க அவர்களால் முடியும் என்பதையும் கடிதத்தில் சொல்லலாம்.

முன்னாள் கணவரின் பக்கம் வருவோம். உங்கள் உடன்படிக்கை தீர்ப்பின் பகுதியாகப் பதிவாகியிருந்தால் அதை நிறைவேற்றக் கோரி மனு போடலாம். 12 ஆண்டுகள் வரை அதற்குக் காலம் உண்டு. அவர் பெங்களூருவில் இருப்பதால் தீர்ப்பை நிறைவேற்றத்திற்காக அங்குள்ள நீதிமன்றத்திற்கு மாற்றிப் பெறவும் வழி இருக்கிறது. ஆனால் உங்கள் தீர்ப்பில் “பெயர் மாற்றப் படிவத்தில் கையெழுத்திட வேண்டும்” என்ற கட்டளை இல்லை. அது இருந்திருந்தால், அவர் மறுக்கும்போது அவருக்குப் பதிலாக நீதிமன்றமே அந்த ஆவணத்தில் கையெழுத்திட ஏற்பாடு செய்யும்படி கேட்டிருக்கலாம். இப்போது அந்தக் கட்டளையைப் பெறுவதற்குக் குடும்ப நல நீதிமன்றத்தில் தனியாக ஒரு மனு தேவைப்படலாம். குடும்ப நீதிமன்றங்கள் சட்டம், 1984இன் 7ஆம் பிரிவு தம்பதியரின் சொத்துத் தகராறுகளை விசாரிக்கும் அதிகாரத்தை அந்த நீதிமன்றத்திற்குத் தருகிறது. திருமணம் முறிந்த பின்னும் அந்த அதிகாரம் பொருந்தும் என்று உச்ச நீதிமன்றம் 2003ஆம் ஆண்டு தீர்ப்பளித்திருக்கிறது. இதற்கு முன்னதாக அவருக்கு ஒரு வழக்கறிஞர் அறிவிப்பு அனுப்பிப் பாருங்கள். செலவுடன் முழுத் தொகையும் தன் மேல் வரும் என்று தெரிந்த பின்னும் ஒரு கையெழுத்தை மறுப்பவர்கள் குறைவு.

நிறுவனம் பதிலே சொல்லாமல் மிரட்டல் அழைப்புகளைத் தொடர்ந்தால், கோவை மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தை அணுகலாம். 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி நீங்கள் வசிக்கும் ஊரிலேயே புகார் கொடுக்கலாம். நிறுவனத்தின் தலைமையகம் எங்கே இருந்தாலும் கவலையில்லை. நீங்கள் செலுத்திய விலை 5,00,000 ரூபாய்க்கு மேற்படாவிட்டால் புகாருக்குக் கட்டணமும் கிடையாது. பிரச்சினை எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுக்குள் புகார் கொடுக்க வேண்டும் என்பதால், பெயரை நீக்க மறுத்து அவர்கள் எழுதிய பதிலின் தேதியைப் பத்திரப்படுத்துங்கள். ஒப்பந்த விதியே நியாயமற்றது என்று வாதிட விரும்பினால் அது மாநில ஆணையத்தின் முன் செல்ல வேண்டிய விஷயம். தொடக்கத்தில் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகாரைப் பதிவு செய்துவிடுங்கள். சில சமயம் அந்த அளவிலேயே நிறுவனம் இறங்கி வந்துவிடும். வழக்கறிஞர் செலவு சுமையாக இருந்தால் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்குப் போங்கள். 1987ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி பெண்களுக்கு வருமான வரம்பு பார்க்காமல் இலவசச் சட்ட உதவி உண்டு. அதன் உதவி எண் 15100.

கேள்வி: நானும் என் மனைவியும் பரஸ்பர சம்மத விவாகரத்து மனுவைத் தாக்கல் செய்துவிட்டு இரண்டாம் கட்ட விசாரணைக்காகக் காத்திருக்கிறோம். 2014இல் 5,00,000 ரூபாய்க்கு வாங்கிய 25 ஆண்டு டைம்ஷேர் இருவர் பெயரிலும் இருக்கிறது. இன்னும் 14 ஆண்டுகள் உள்ளன. ஆண்டுக் கட்டணம் 22,000 ரூபாய், ஆண்டுக்கு 7 இரவுகள். ஒன்பது வயது மகளை ஆண்டுதோறும் ஊட்டிக்கோ மூணாறுக்கோ அழைத்துப் போவதற்காக அதை நானே வைத்துக்கொள்ள விரும்புகிறேன். மனைவி தன் பங்காக 2,50,000 ரூபாய் கேட்கிறார். அல்லது ஓர் ஆண்டு அவர், மறு ஆண்டு நான் என்று கூட்டாகவே வைத்துக்கொள்ளலாம் என்கிறார். எது சரி?

– வாசகர், திருச்சி

பதில்: கணவன் மனைவி சொத்தைச் சரிபாதியாகப் பிரிக்க வேண்டும் என்ற பொது விதி இந்து திருமணச் சட்டத்தில் இல்லை. அதன் 27ஆம் பிரிவு திருமணத்தையொட்டி இருவருக்கும் பொதுவாகக் கிடைத்த பொருள்களைப் பற்றி மட்டுமே பேசுகிறது. கோவாவில் நிலைமை வேறு. அங்கே போர்ச்சுகீசியர் காலச் சட்டத்தின் தொடர்ச்சியாகத் தம்பதியரின் பொதுச் சொத்து என்ற முறை இருக்கிறது. உங்களைப் பொறுத்தவரை இது பேச்சுவார்த்தையில் தீர வேண்டிய விஷயம். அப்படியிருக்க, உங்கள் மனைவியின் கோரிக்கையை அடாவடி என்று நினைத்துவிட வேண்டாம். வாங்கியபோது அவருடைய சம்பளத்திலிருந்து தவணை போயிருந்தால், வங்கிக் கணக்கு அறிக்கையை வைத்துக்கொண்டு அதைக் கேட்க அவருக்கு முழு நியாயமும் உண்டு.

தவறு இருப்பது தொகையைக் கணக்கிட்ட விதத்தில்தான். 2014இல் கொடுத்த விலைக்கும் இன்றைய மதிப்புக்கும் தொடர்பில்லை. மீதமுள்ள 14 ஆண்டுகளுக்குக் கட்டணம் ஒரு ரூபாய்கூட உயராது என்று வைத்துக்கொண்டாலும் நீங்கள் 3,08,000 ரூபாய் கட்டியாக வேண்டும். அதே தரத்தில் ஓர் அறை வெளியில் இரவுக்கு 4,500 ரூபாய் என்று கொண்டால், 7 இரவுக்கு 31,500 ரூபாய். அதில் 22,000 போக ஆண்டுக்கு 9,500 ரூபாய்தான் உங்களுக்கு மிச்சம். 14 ஆண்டுக்கு 1,33,000. ஒவ்வோர் ஆண்டும் தவறாமல் போனால், அதுவும் பள்ளிக் கோடை விடுமுறையில் கேட்ட ஊரில் அறை கிடைத்தால், இதுதான் உச்ச மதிப்பு. அதில் பாதி 66,500 ரூபாய். உங்கள் ஊர் விலைகளைப் போட்டு இந்தக் கணக்கை இருவரும் சேர்ந்து செய்யுங்கள். பல குடும்பங்களில் விடை பூஜ்யத்திற்குக் கீழே போகும். அப்போது யாருக்கு என்று சண்டையிடும் பொருள் எதுவும் அங்கே இருக்காது.

ஓராண்டு விட்டு ஓராண்டு என்ற ஏற்பாட்டை நான் ஏற்கமாட்டேன். கட்டணம் ஆண்டுதோறும் வரும், முன்பதிவுக்கு ஒரே கணக்கு, ஒரே கடவுச்சொல். பயன்படுத்தாத இரவுகள் அடுத்த ஆண்டுக்குச் சேரும் திட்டமாக இருந்தால் அவை யாருக்கு என்ற கேள்வி வேறு வரும். மகள் விஷயத்தில் பேசிக்கொள்ள வேண்டியது ஏற்கெனவே நிறைய இருக்கும் இருவர், 14 ஆண்டுகள் இதற்காகவும் பேசிக்கொண்டிருக்க வேண்டுமா? மனைவியின் அக்கறை மகளும் தானும் எப்போதாவது போய்வர வேண்டும் என்பதானால், உறுப்பினரின் விருந்தினராகத் தங்க அனுமதிக்கும் விதி உங்கள் திட்டத்தில் உண்டா என்று பாருங்கள். இத்தனை ஆண்டுக்கு ஒருமுறை இத்தனை இரவுகள் என்று எழுதிக் கொடுத்துவிடலாம்.

மேலே கோவை வாசகிக்கு நேர்ந்தது உங்கள் மனைவிக்கு நேரக் கூடாது. அதைத் தடுப்பது உங்கள் கையில்தான் இருக்கிறது. முதல் மனுவுக்கும் இரண்டாம் கட்டத்திற்கும் இடையிலான ஆறு மாதத்தை இதற்குப் பயன்படுத்துங்கள். 2017ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றத் தீர்ப்புக்குப் பின் அந்தக் காலத்தைத் தள்ளுபடி செய்ய வழி இருந்தாலும், நிறுவனத்தின் பெயர் மாற்றம் முடியும் வரை அவசரப்பட வேண்டாம். நிறுவனத்திடம் பெயர் மாற்றப் படிவத்தைக் கேட்டு இருவரும் கையெழுத்திட்டுக் கொடுத்து, “இன்ன தேதி முதல் இன்னார் மட்டுமே உறுப்பினர், விலகியவருக்கு எந்தப் பொறுப்பும் இல்லை” என்ற கடிதத்தை எழுத்தில் வாங்குங்கள். அந்தக் கடைசிப் பகுதி வெறும் சம்பிரதாயமன்று. மூன்று தரப்பும் சேர்ந்து பழைய ஒப்பந்தத்திற்குப் பதிலாகப் புதியதை ஏற்கும்போதுதான், ஒப்பந்தச் சட்டத்தின் 62ஆம் பிரிவின்படி பழைய கடமை தீரும். ஒருவரை விடுவித்தாலும் மற்றவரின் பொறுப்பு அப்படியே நிற்கும் என்று 44ஆம் பிரிவு சொல்வதால், இனி முழுச் சுமையும் உங்கள் ஒருவர் மேல் என்பதையும் மனத்தில் கொள்ளுங்கள்.

நீதிமன்றத்தில் தரும் உடன்படிக்கையில் உறுப்பினர் எண், எந்தத் தேதி வரையிலான பாக்கி யாருடையது, சேர்ந்திருக்கும் இரவுகள் யாருக்கு, எந்தத் தேதிக்குள் எந்த ஆவணத்தில் யார் கையெழுத்திட வேண்டும், நிறுவனம் மனைவியிடம் ஏதேனும் வசூலித்தால் நீங்கள் எத்தனை நாளுக்குள் திருப்பித் தருவீர்கள் என்பனவற்றை எல்லாம் எழுதச் சொல்லுங்கள். வழக்கறிஞர் “இதெல்லாம் எதற்கு” என்று கேட்டாலும் விட்டுவிடாதீர்கள்.

கேள்வி: அமெரிக்காவில் நியூஜெர்சியில் வசிக்கிறேன். ஃபுளோரிடாவின் ஆர்லாண்டோவில் எனக்கும் என் முன்னாள் கணவருக்கும் பத்திரப் பதிவுடன் கூடிய டைம்ஷேர் வாரம் இருக்கிறது. அதன் மேல் கடனும் கொஞ்சம் மீதி இருக்கிறது. விவாகரத்துத் தீர்ப்பில் அது அவருக்குப் போய்விட்டது. இனி நான் எதுவும் செய்ய வேண்டியதில்லையா?

– வாசகி, நியூஜெர்சி

பதில்: செய்ய வேண்டும். இந்தியாவில் பெரும்பாலும் விற்கப்படுவது பயன்பாட்டு உரிமை. உங்களுடையது பத்திரப்படி அசையாச் சொத்து. ஃபுளோரிடா சட்டப்படி கணவன் மனைவியாக நீங்கள் வைத்திருந்த கூட்டுரிமை, விவாகரத்தோடு இரு தனிப் பங்குகள் கொண்ட பொது உரிமையாக மாறிவிடும். நியூஜெர்சி தீர்ப்பு மட்டும் ஃபுளோரிடா கவுண்டியின் (நம் மாவட்டம் போன்றது) பத்திரப் பதிவேட்டில் உங்கள் பெயரை அடித்துவிடாது. உங்கள் பங்கை அவருக்கு விட்டுக்கொடுக்கும் க்விட்கிளைம் பத்திரம் எழுதி, இரண்டு சாட்சிகள் முன்னிலையிலும் நோட்டரி முன்னிலையிலும் கையெழுத்திட்டு, சொத்து இருக்கும் கவுண்டியில் பதிவு செய்ய வேண்டும். இரண்டு சாட்சி என்பது ஃபுளோரிடாவின் விதி. நியூஜெர்சியில் கையெழுத்திடும்போது பலர் இதைத் தவறவிடுகிறார்கள். பதிவான நகலை ரிசார்ட் நிர்வாகத்திற்கு அனுப்பி, உரிமையாளர் பட்டியலில் மாற்றியதற்கான கடிதத்தைக் கேளுங்கள்.

கடன் இதிலிருந்து தனியானது. பத்திரத்தில் பெயர் போனாலும், கடன் பத்திரத்தில் கையெழுத்திட்டவர் என்ற முறையில் உங்களிடம் கேட்கும் உரிமை கடன் கொடுத்தவருக்கு நீடிக்கும். அவர் தன் ஒருவர் பெயரில் கடனை மாற்றிக்கொள்ளும் வரையிலோ கட்டி முடிக்கும் வரையிலோ, உங்கள் கடன் அறிக்கையை அவ்வப்போது பார்த்துக்கொண்டிருங்கள். அவர் கட்டத் தவறினால், தீர்ப்பளித்த நியூஜெர்சி நீதிமன்றத்திலேயே தீர்ப்பை அமல்படுத்தக் கோரி மனு செய்யலாம்.

இருவருக்குமே அது வேண்டாம் என்ற நிலை வந்தால், கடன் தீர்ந்த வாரங்களைத் திரும்பப் பெறும் திட்டம் உண்டா என்று ரிசார்ட் நிறுவனத்திடமே முதலில் கேளுங்கள்; பெரிய நிறுவனங்கள் பலவற்றில் அது உண்டு. “வாங்க ஆள் தயாராக இருக்கிறார், வரியையும் பதிவுச் செலவையும் மட்டும் முன்பணமாக அனுப்புங்கள்” என்று அழைப்பு வந்தால் தொடர்பைத் துண்டித்துவிடுங்கள். டைம்ஷேர் உரிமையாளர்களைக் குறிவைக்கும் இந்த மோசடியின் பின்னால் மெக்சிகோவின் போதைக் கும்பல்கள் இருப்பதாக அமெரிக்க நிதித் துறை 2024ஆம் ஆண்டு வெளிப்படையாகவே எச்சரித்திருக்கிறது. இதே பாணியில் ஜிஎஸ்டி கட்டச் சொல்லும் அழைப்புகள் இந்திய உறுப்பினர்களுக்கும் வருகின்றன என்பதால், கோவை வாசகியும் திருச்சி வாசகரும் இந்தப் பத்தியைத் தங்களுக்கும் சொன்னதாகவே எடுத்துக்கொள்ள வேண்டுகிறேன்.